கூரைக்கு எட்டாத கட்டளை: மின் கட்டமைப்பின் இயந்திரங்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள். கொட்டாஞ்சேனையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் காவலாளி சாவிக்கொத்துடன் மேலே போய்க்கொண்டிருந்தார். மொட்டைமாடிக்கு லிப்ட் போகாது. கடைசித் தட்டுக்குப் படியால்தான் ஏறவேண்டும்.

"எங்க அண்ணை, இந்த வெயிலுக்க?"

"மேல இருக்கிற சோலரை நிப்பாட்டச் சொல்லியிருக்கினம் தம்பி. மூண்டு மணிக்குப் பிறகு திரும்பப் போடோணும்."

நானும் அவருக்குப் பின்னால் ஏறினேன்.

இலங்கை மின்சார சபை அந்த வாரம் நாடு முழுவதற்கும் விடுத்த வேண்டுகோள் அது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, தினமும் பிற்பகல் 3 மணி வரை, கூரையில் சோலர் பூட்டியிருப்பவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவைக்க வேண்டும். பண்டிகைக்காகத் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டியிருக்கும், மின்சாரத் தேவை விழுந்துவிடும், வெயிலோ உச்சத்தில் இருக்கும். தேவைக்கு மிஞ்சிய மின்சாரம் கட்டமைப்பையே குலைத்துவிடலாம் என்பது சபையின் கவலை.

கடன் எடுத்துச் சோலர் பூட்டியவர்களுக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம், அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு உறுத்தியது அந்தக் கட்டளை வந்து சேர்ந்த வழி. சபையின் அறிக்கை, செய்தித்தளம், தொடர்மாடிக் குழுவின் வட்ஸ்அப், காவலாளி, சாவி, சுவிட்ச். நுரைச்சோலை அனல் மின் நிலையத்துக்கோ மன்னார் காற்றாலைக்கோ "உற்பத்தியைக் குறை" என்று சொல்ல, தேசியக் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கம்பியும் கணினியும் தொலைபேசியும் இருக்கின்றன. கொட்டாஞ்சேனைக் கூரைக்குச் சொல்ல ஒரு மனிதர் படியேற வேண்டியிருந்தது.

தொழிற்துறைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றோடொன்று எந்த மொழியில் பேசுகின்றன என்பது பொறியியலாளர்களின் தலையிடி என்றுதான் பொதுவாக நினைப்போம். ஆனால் 2016 மார்ச் 13, 2020 ஆகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 என்று முழு நாடும் இருண்ட நாட்களை அடுக்கிப் பார்த்தால், அது எல்லார் வீட்டுத் தலையிடியும்தான்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் ஒரு பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். மறுபக்கம், களனி ஆற்றின் தென்கரையில், களனிதிஸ்ஸ மின் நிலையத்தின் புகைபோக்கிகள். 1960களின் தொடக்கத்தில் 25 மெகாவாட் நீராவி இயந்திரங்களுடன் தொடங்கிய இடம். 2008 ஒக்டோபர் 28 இரவு புலிகளின் விமானம் குண்டு வீசியது இங்கேதான். விமானம் வருகிறது என்று தெரிந்ததும் கொழும்பின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அந்த இருளில் குண்டைவிட, விடிந்தபின் வரக்கூடிய சுற்றிவளைப்புக்குத்தான் அதிகம் பயந்தோம் என்று கொட்டாஞ்சேனையின் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

களனிதிஸ்ஸவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெரிய அனல் மின் நிலையம் ஒன்று நின்றுவிட்டால், அதைத் திரும்ப இயக்கவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். களனிதிஸ்ஸவின் சிறிய வாயுச் சுழலிகள் அப்படியல்ல. நாடே இருண்டாலும் தாமாகத் தொடங்கக்கூடியவை. மலைநாட்டு நீர்மின் நிலையங்கள் சிலவற்றோடு சேர்ந்து, கொழும்பைத் துண்டு துண்டாக உயிர்ப்பிக்க உதவுபவை அவை.

டைனமோ படித்த பாடம்

என் வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு மின் பொறியியலின் முதற்பாடம் சைக்கிள் டைனமோ. 1990 இல் குடாநாடு தேசியக் கட்டமைப்பிலிருந்து அறுந்துபோனது. பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லோடு டைனமோவைச் சேர்த்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, வீடே றேடியோவில் செய்தி கேட்கும். சுற்றுபவரின் கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தளரும். ஆனால் கை நழுவிய கணத்திலேயே குரல் நின்றுவிடாது. சில்லு தன் வேகத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றும். அதற்குள் கையை மாற்றிப் பிடித்துவிடலாம்.

தேசிய மின் கட்டமைப்பும் அதுதான். நீர்மின், அனல் மின் நிலையங்களின் கனத்த சுழலிகள் எல்லாம் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. நம் மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை ஊசலாடுவது அந்தத் தாளத்தால். இதைத்தான் பள்ளியில் மீடிறன் என்று படித்தோம். உற்பத்தி திடீரெனக் குறைந்தால் சுழலிகள் மெதுவாகும், மீடிறன் விழும். ஆனால் அவற்றின் கனம், அதாவது சடத்துவம், கையை மாற்றிப் பிடிக்கச் சில செக்கன்களைத் தரும். சோலரில் சில்லு இல்லை. அதன் மின்சாரத்தைக் கட்டமைப்போடு சேர்க்கும் இன்வேர்ட்டர் சுற்றுவதில்லை. சோலரின் பங்கு கூடக் கூட, நழுவிய கையை மாற்றிப் பிடிக்கும் நேரம் சுருங்குகிறது.

2025 பெப்ரவரி 9 இல் நடந்தது இதுதான். முற்பகல் 11 மணி கடந்த வேளை, பாணந்துறை உப மின் நிலையத்தின் ரான்ஸ்போமரில் ஒரு குரங்கு பட்டது என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி செய்தியாளர்களிடம் சொன்னார். உலகமே சிரித்தது. குரங்கு படாத மின்கம்பி எந்த ஊரில் இருக்கிறது? ஓர் உப மின் நிலையத்தின் கோளாறு முழு நாட்டையும் இழுத்து விழுத்தியது ஏன் என்பதுதான் கேள்வி. அன்று ஞாயிறு, தேவை குறைவு, சோலரின் பங்கு அதிகம், சடத்துவம் குறைவு என்று சபை பின்னர் விளக்கியது. மாலைக்குள் பெரும்பாலான இடங்களுக்கு மின்சாரம் வந்தது. ஆனால் நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனதால், அடுத்த இரு நாட்களும் ஒன்றரை மணி நேர மின்வெட்டு.

இங்கே சாதாரணமாகப் பேசப்படாத ஒன்று இருக்கிறது. மீடிறன் விழத் தொடங்கினால், குறித்த படிகளில் சில பகுதிகளின் மின்சாரத்தை வெட்டிவிடும் ரிலேக்கள் உப மின் நிலையங்களில் உண்டு. அவை யாரையும் கேட்பதில்லை, கேட்க நேரமும் இல்லை. முன்பெல்லாம் ஒரு பகுதியை வெட்டினால் தேவை குறையும், கட்டமைப்பு மூச்சு விடும். இன்று நண்பகலில், கூரைச் சோலர் நிறைந்த ஒரு பகுதி மின்சாரத்தை எடுப்பதைவிடக் கொடுப்பது அதிகமாக இருக்கலாம். அதை வெட்டினால் உற்பத்திதான் போகும், விழுகிற மீடிறன் இன்னும் வேகமாக விழும். ரிலேக்கு இது தெரியாது. பழைய பட்டியலில் இருக்கும் பெயரை அது வெட்டுகிறது. மின்சாரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வெட்டும் ரிலேக்களும், வெட்டவேண்டிய பட்டியலை நேரத்துக்கு நேரம் மாற்றி அனுப்பும் தொடர்பும் இருந்தால்தான் இது சரியாகும்.

கொப்பியில் இருக்கும் அர்த்தம்

இயந்திரங்கள் பேசும் மொழிகளில் மிகப் பழையதும் இன்றும் மிகப் பரவலாக இருப்பதும் மொட்பஸ். அமெரிக்காவின் மொடிகொன் நிறுவனம் 1979 இல் வெளியிட்டது. தண்ணீர்ப் பம்பி முதல் சோலர் இன்வேர்ட்டர் வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. அதன் உரையாடல் இப்படிப் போகும். "40001 ஆம் பெட்டியில் என்ன இருக்கிறது?" என்று தலைமைக் கருவி கேட்கும். "2310" என்று மற்றது சொல்லும். அது 231.0 வோல்ட்டா, 2310 கிலோவாட்டா, 23.10 பாகை வெப்பமா? செய்தியில் அது இல்லை. அதைப் பூட்டிய பொறியியலாளரின் கொப்பியில்தான் இருக்கும். அவர் வெளிநாடு போய்விட்டால், கொப்பியும் சில வேளைகளில் போய்விடும்.

மின்துறைக்கென்று சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1990களில் தனி மொழி வகுத்தது. ஐஈசி 60870-5-101 என்று பெயர். ஓர் உப மின் நிலையத்தின் நிலவரம் தொலைபேசிக் கம்பி வழியாகவோ, உயரழுத்த மின்கம்பியின் மேலேயே ஏற்றிய சமிக்ஞை வழியாகவோ கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். 2000 இல் அதே மொழியை இணைய வலையில் ஓடவிட 104 வந்தது. இவை நம்பகமான மொழிகள்தான், ஆனால் இரண்டு குறை. இங்கும் பொருள் பெரும்பாலும் எண்களில்தான் ஒளிந்திருக்கிறது. இரண்டாவது, "திற" என்று கட்டளை வந்தால், சொல்வது யார் என்று கேட்கும் வழக்கம் இவற்றின் மூல வடிவத்தில் இல்லை. கம்பியின் மறுமுனையில் இருப்பவர் நம்மவர்தான் என்று நம்பிய காலத்தின் மொழி.

2000களின் தொடக்கத்தில் வெளிவரத் தொடங்கிய ஐஈசி 61850 இதை மாற்றியது. இதில் எண் இல்லை, பெயர் உண்டு. மின்சுற்றை வெட்டும் பிரேக்கர் எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும், அதன் நிலை ஒரே பெயரில்தான் இருக்கும். ஒரு கருவியிடம் "உன்னிடம் என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டால் அதுவே பட்டியல் தரும். கொப்பி கருவிக்குள்ளேயே வந்துவிட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது, கூஸ் என்று அழைக்கப்படும் அதன் அவசரச் செய்தி முறை. பழைய உப மின் நிலையத்தில் ஒரு ரிலே இன்னொன்றுக்கு "வெட்டு" என்று சொல்ல இரண்டுக்கும் இடையே தனிச் செப்புக் கம்பி வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கில் கம்பி. அவற்றில் ஒன்றை எலி கடித்திருந்தால் யாருக்கும் தெரியாது. என்றோ ஒருநாள் அந்தக் கட்டளை போகவேண்டிய கணத்தில், போகாது. கூஸ் முறையில் கருவி சும்மா இருக்கும்போதும் "நான் இருக்கிறேன், எல்லாம் சரி" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கோளாறு நேர்ந்தால் அதே செய்தியை மாற்றி, மில்லிசெக்கன்களில், திரும்பத் திரும்ப உரத்துச் சொல்லும். அதன் குரல் நின்றாலே மற்றக் கருவிகளுக்கு ஏதோ பிழை என்று விளங்கிவிடும். மௌனமும் செய்தியாகிறது. கடலுக்குப் போனவர்களின் குரலை வோக்கியில் எதிர்பார்த்துக் கரையில் காத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அண்மைக் காலத்தில் இலங்கையில் கட்டப்படும் உப மின் நிலையங்கள் இந்த முறையில்தான் வருகின்றன. புதிய உயரழுத்த மின்வழிகளில், கோபுரங்களின் உச்சியில் ஓடும் இடிதாங்கிக் கம்பிக்குள்ளேயே ஒளியிழை வைப்பது இன்று உலக வழக்கம். போர் முடிந்தபின் வவுனியா, கிளிநொச்சி, சுன்னாகம் என்று மின்வழி திரும்ப இழுக்கப்பட்டபோது, வடக்குக்குத் திரும்பியது மின்சாரம் மட்டுமல்ல. கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் வடக்கு ஒரு புள்ளியாகத் திரும்பத் தோன்றியது. 1990 இல் அறுந்த பேச்சும் அப்போதுதான் ஒட்டியது என்றே நான் நினைப்பதுண்டு.

ஆனால் ஒரு நாட்டின் எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒரு ரான்ஸ்போமர் 40 ஆண்டு உழைக்கும், அதன் பக்கத்தில் இருக்கும் ரிலே 20 ஆண்டு உழைக்கும், கணினி 7 ஆண்டில் கிழமாகும். அதனால் எங்கும் செய்வது இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைப்பது. பழைய கருவியின் தொடர்க் கம்பியை இணைய வலைக்கு மாற்றித்தரும் சிறிய பெட்டி அது. விலை குறைவு, பூட்டுவது இலகு.

உக்ரேனில் 2015 டிசம்பர் 23 அன்று குறிவைக்கப்பட்டவற்றில் அந்தப் பெட்டிகளும் அடங்கும். மூன்று மின் விநியோக நிறுவனங்களின் வலைக்குள் மாதக்கணக்காக ஒளிந்திருந்தவர்கள், அன்று மாலை பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். திரையில் சுட்டி தானாக நகர்வதை ஊழியர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சுமார் 225,000 வாடிக்கையாளர்கள் இருளில். போகும்போது, மொழிபெயர்க்கும் பெட்டிகளின் உள்மென்பொருளையும் அழித்துவிட்டுப் போனார்கள், தூரத்திலிருந்து திரும்ப மூடமுடியாதபடி. ஊழியர்கள் வாகனத்தில் ஒவ்வோர் உப மின் நிலையமாகப் போய்க் கையால் மூடித்தான் மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் கீவ் நகரில் நடந்த தாக்குதலின் தீமென்பொருளுக்கு 101, 104, 61850 எல்லாம் தெரிந்திருந்தது. களனிதிஸ்ஸவுக்கு 2008 இல் விமானம் தேவைப்பட்டது. இன்றைய போரில் அந்த வேலைக்கு இயந்திரத்தின் மொழி தெரிந்தால் போதும்.

ஆகவே பேச்சைப் புதுப்பிப்பது என்றால் வேகமான கம்பி போடுவது மட்டுமல்ல. ஒவ்வொரு கட்டளையும் கையெழுத்தோடு வரவேண்டும். இதற்கு ஐஈசி 62351 என்ற தனித் தரநிலை உண்டு. கூடவே, உக்ரேன் ஊழியர்கள் செய்ததுபோல் கையால் மூடத் தெரிந்தவர்களும் மிஞ்சியிருக்க வேண்டும். செலவைக் குறைக்கும் அவசரத்தில் முதலில் மறக்கப்படுவது இந்த இரண்டாவது.

கூரை யாருடைய பேச்சைக் கேட்கிறது?

எங்கள் மொட்டைமாடிக்குத் திரும்புவோம். காவலாளி சுவிட்சைக் கீழே இழுத்தார். இன்வேர்ட்டரின் அடியில் பெருவிரல் அளவில் ஒரு பிளாஸ்ரிக் துண்டு செருகியிருந்தது. சுவிட்ச் விழுந்த பிறகும் அதன் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தொடர்மாடியின் வைபை வழியாக அது தயாரித்த நிறுவனத்தின் கணினியோடு பேசிக்கொண்டிருந்தது, கடல் கடந்து. கைத்தொலைபேசிச் செயலியில் நாம் பார்க்கும் "இன்று இத்தனை அலகு" என்ற கணக்கு அந்த வழியாகத்தான் போய் வருகிறது. வேறு நாட்டிலுள்ள ஒரு சேவையகத்துக்கு எங்கள் கூரையோடு பேச முடிகிறது. சில கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்கு முடியவில்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில், ஒரு விற்பனை உரிமைத் தகராறின் நடுவே, சில இன்வேர்ட்டர்கள் வேலைசெய்ய மறுத்துத் திரையில் எச்சரிக்கை காட்டின. பாவித்தவர்கள் காசு கொடுத்து வாங்கியவைதான் அவை.

தீர்வு தெரியாத பிரச்சினை அல்ல இது. ஜேர்மனியில் ஒரு காலத்தில் கூரைச் சோலர் எல்லாம் மீடிறன் 50.2 ஐத் தொட்டதும் ஒரே கணத்தில் நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. சில வீடுகளில் இருந்தபோது அது பாதுகாப்பு. லட்சக்கணக்கில் ஆனபோது ஆபத்து. 2012 இலிருந்து 3 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளை இடம் இடமாகப் போய் மாற்றியமைத்தார்கள். தென் அவுஸ்திரேலியா 2020 செப்டெம்பரிலிருந்து புதிய கூரைச் சோலர் எல்லாம் தூரத்திலிருந்து நிறுத்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்று சட்டமாக்கியது. 2021 மார்ச் 14 அன்று அதை முதல் தடவை பயன்படுத்தியபோது, ஒரு மணி நேரமளவில் வேலை முடிந்தது. யாரும் படியேறவில்லை. அமெரிக்காவின் 2018 ஆம் ஆண்டுத் தரநிலை ஒன்று, ஒவ்வோர் இன்வேர்ட்டருக்கும் மூன்று பொது மொழிகளில் ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அதில் ஒன்று நம் பழைய மொட்பஸ்தான். ஆனால் இம்முறை எந்தப் பெட்டியில் எது என்பதைக் கொப்பிக்கு விடாமல் எல்லாருக்கும் பொதுவாக எழுதிவைத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் கூரைச் சோலர் 1000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நுரைச்சோலை முழுவதுமே 900 மெகாவாட்தான். அதைவிடப் பெரிய ஒரு மின் நிலையம் வீடுவீடாகச் சிதறிக் கிடக்கிறது, அதற்குக் காது இல்லை. இதில் நீதி சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. மின்சாரம் மிஞ்சும்போது, கட்டளை கேட்கக்கூடியவற்றைத்தான் குறைக்கச் சொல்ல முடியும். மன்னாரின் தம்பபவனி காற்றாலைக்கு, 30 கோபுரம், 103.5 மெகாவாட், காது உண்டு. கொழும்பின் கூரைகளுக்கு இல்லை. மன்னார் மக்கள் தங்கள் நிலத்தையும் கடற்கரையையும் இந்தக் கோபுரங்களுக்காக விட்டுக்கொடுத்ததைப் பற்றி இன்னும் வீதியில் நின்று பேசுகிறார்கள். அந்தக் கோபுரங்களைக் காற்றடிக்கும் நாளில் குறைத்து ஓட்டவேண்டி வந்தால், அதற்கு ஒரு காரணம், வேறு யாருக்கும் கட்டளை கேட்காது என்பதாக இருக்கலாம்.

2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டமும், 2025 இல் அதற்கு வந்த திருத்தமும் மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கின்றன. உற்பத்தி ஒருவர், கடத்தல் ஒருவர், விநியோகம் வேறொருவர், கட்டமைப்பை இயக்குவது இன்னொருவர். ஒரே கூரையின் கீழ் இருந்தபோது, கருவிகளுக்குள் விளங்காததை இரண்டு பொறியியலாளர்கள் தொலைபேசியில் தீர்த்துக்கொண்டார்கள். இனி அது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். எந்தக் கருவி, எந்த மொழியில், எத்தனை செக்கனுக்குள், யாருக்குப் பதில் சொல்லவேண்டும், அந்தத் தரவு யாருடையது என்பதெல்லாம். கூரைக்குக் காது வைக்கும்போது, வீட்டுக்காரருக்கு முன்னறிவித்தல் உண்டா, நிறுத்திய மணித்தியாலங்களுக்குக் காசு உண்டா என்பதும் அதே தாளில் வரவேண்டும். தென் அவுஸ்திரேலியாவிலும் சண்டை அங்கேதான் வந்தது.

ஏப்ரல் 22 ஆம் திகதி காவலாளியை வாசலில் கண்டபோது, ஒன்பது நாளும் ஏறினீர்களா என்று கேட்டேன்.

"ஏறினனான் தம்பி. ரெண்டு நாள் மட்டும் மறந்து போச்சு."